அந்தப் புடவை என்ன கலர்?

தங்கையின் கல்யாண ஆல்பம் கூரியரில் வந்து இறங்கியபோது எங்கள் வீட்டுக் கூடத்தில் பதினோரு பேர் இருந்தார்கள். பன்னிரண்டாவது ஆள் நான். படம் எடுத்தவன்.

2017-ல் நடந்த கல்யாணம். 'வெளி ஆளுக்கு எதுக்கு அறுபதாயிரம் அழணும்? என்கிட்ட கேமரா இருக்கு!' என்று மார்தட்டியவன் நான்தான். தவணையில் வாங்கிய கேமரா. ஒன்பது தவணை பாக்கி இருந்தது. அதற்குள் மெனுவில் இருந்த அத்தனையையும் நோண்டியாகிவிட்டது. அப்படி நோண்டியதில், 'கலர் ஸ்பேஸ்' என்று ஓரிடத்தில் இரண்டு சாய்ஸ் கண்ணில் பட்டது. ஒன்று எஸ்ஆர்ஜிபி. இன்னொன்று அடோபி ஆர்ஜிபி. இரண்டாவதில்தான் வண்ணங்கள் அதிகம் என்று யாரோ சொன்னார்கள். அதிகம் என்றால் நல்லதுதானே? பந்தியில் உட்கார்ந்தால்கூட நாம் அப்படித்தானே யோசிக்கிறோம்! மாற்றி வைத்துவிட்டுக் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டேன்.

ஆல்பத்தைப் பிரித்தோம்.

மாப்பிள்ளை, பெண், சம்பந்தி, நாதஸ்வரக்காரர் எல்லோரும் டைபாய்டில் படுத்து அன்றுதான் எழுந்து உட்கார்ந்தவர்கள் மாதிரி இருந்தார்கள். குங்குமம் செங்கல் பொடி மாதிரி இருந்தது. தங்கையின் முகூர்த்தப் புடவை, மயில்கழுத்துப் பச்சையில் அரக்கு பார்டர், குளத்துப் பாசி நிறத்தில் சோர்ந்து கிடந்தது.

முட்டி ஆபரேஷன் காரணமாகக் கல்யாணத்துக்கு வர முடியாத பெரிய அத்தை, கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். பிறகு அப்பாவிடம் திரும்பினார்.

"ஏன்டா தம்பி, இருக்கிறது ஒரே பொண்ணு. கொஞ்சம் நல்ல புடவையா எடுத்திருக்கக் கூடாதா?"

கூடம் கப்சிப். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "நேர்ல பார்த்தவங்களுக்குத் தெரியும்க்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு வாசலுக்குப் போய்விட்டார்.

வாசல் வெளிச்சம்

அந்தப் புடவையின் கதை எனக்குத் தெரியும். கூடவே இருந்தவன்.

காஞ்சிபுரத்தில் மூன்றாவது கடை. அப்பாவின் பி.எஃப். பணத்தில் இருபத்தெட்டாயிரம் அதற்காகவே சட்டையின் உள் பாக்கெட்டில் இருந்தது. கடைக்காரர் விரிக்க விரிக்க எல்லாமே அழகாகத்தான் இருந்தன. அம்மாவும் தங்கையும் ஆளுக்கொரு புடவையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றார்கள். அப்பா மட்டும் ஒன்றுமே சொல்லவில்லை. கடைசியில் இந்த மயில்கழுத்தை எடுத்துக்கொண்டு நேரே கடை வாசலுக்குப் போனார். வெயிலில் விரித்துப் பிடித்துப் பார்த்தார்.

"கடை லைட்டுல எல்லாம் அழகாத்தான் இருக்கும். வெளியில கொண்டு வந்து பார்க்கணும்" என்றார். பார்த்துவிட்டு, "இதுதான்" என்றார். பேரம் பேசாமல் பணத்தை எடுத்தார். அப்பா பேரம் பேசாமல் வாங்கிய ஒரே பொருள் அதுவாகத்தான் இருக்கும்.

அந்தப் பச்சையைத்தான் நான் குளத்தில் போட்டுவிட்டேன்.

ஆல்பம் போட்ட இடத்துக்கு போன் செய்தேன். "உங்க ஃபைல் அப்படி சார்" என்றார்கள். "என் கம்ப்யூட்டர்ல நல்லாத்தானே தெரியுது, உங்க மெஷின்தான் அப்படி" என்றேன். இரண்டு தரப்பும் தத்தம் நிலையில் உறுதியாக நின்றதால் பேச்சுவார்த்தை முறிந்தது. ஆல்பம் பீரோவுக்குள் போனது.

2018-ல் அப்பா போய்ச் சேர்ந்தார்.

மூன்று மாதம் கழித்துத் தங்கை போன் செய்தாள். "அண்ணே, தாலி கட்டி முடிச்சதும் அப்பா என் தலையில கை வச்சாரே, அந்த போட்டோவைப் பெருசாப் போட்டு ஃப்ரேம் பண்ணிக் குடுண்ணே" என்றாள். சற்று நேரம் சும்மா இருந்துவிட்டு, "ஆனா அந்தக் கலர்ல வேணாம்" என்றாள்.

கீழ்க்கோடு சொன்ன சேதி

இந்தத் தடவை போனது வேறொரு லேப். சின்ன இடம். கவுண்டரில் ஒரு தம்பி. இருபத்திரண்டு வயது இருக்கலாம். பென் டிரைவை வாங்கி ஃபைலைத் திறப்பதற்கு முன்னால் பெயரைப் பார்த்தார்.

"சார், ஃபைல் பேரு கீழ்க்கோட்டுல ஆரம்பிக்குது பாருங்க. அப்படின்னா இது அடோபி ஆர்ஜிபி. முன்னாடி போட்ட இடத்துல மாத்தாமலே அடிச்சிருப்பாங்க. படம் வெளுத்துப் போயிருக்குமே?"

ஜாதகத்தைப் பார்த்ததும் போன வருஷம் நடந்ததைச் சொல்லும் ஜோசியர் மாதிரி இருந்தது. கேமராக்களுக்கான ஃபைல் விதிப்படி, அடோபி ஆர்ஜிபியில் எடுத்த படத்தின் பெயர் கீழ்க்கோட்டில்தான் தொடங்க வேண்டும். இரண்டு வருஷமாக அந்தக் கோடு என் கண் முன்னால் இருந்தது. நான் அதை அலங்காரம் என்று நினைத்திருந்தேன்.

அன்றிலிருந்து இந்தக் கலர் ஸ்பேஸ் சமாசாரத்தைத் துரத்திப் பிடித்துப் படித்தேன். நான் பி.காம். பௌதிகம் என்றால் ப்ளஸ் டூவோடு கும்பிடு போட்டவன். ஆனால் படிக்கப் படிக்க ஒன்று புரிந்தது. இது பௌதிகமே இல்லை சார், சுத்தமான கணக்குப்பதிவியல்!

நூறு என்றால் எவ்வளவு?

உங்கள் படத்தில் கலர் என்று எதுவும் கிடையாது. இருப்பது வெறும் எண்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று எண்கள். சிவப்பு எவ்வளவு, பச்சை எவ்வளவு, நீலம் எவ்வளவு? ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. ஆக மொத்தம் 256 படிகள். மூன்றையும் பெருக்கினால் 1,67,77,216 வண்ணச் சேர்க்கைகள். சாதாரண ஜேபெக் படத்தில் இவ்வளவுதான் உச்சவரம்பு.

சரி, '255, 0, 0' என்றால் என்ன நிறம்? "முழுச் சிவப்பு" என்பீர்கள். எந்தச் சிவப்பு? குங்குமமா, தக்காளியா, தபால் பெட்டியா?

உங்கள் நண்பர் வந்து, "ஒரு நூறு கடன் குடு" என்கிறார். ரூபாய் நூறா, டாலர் நூறா? சொல்லாவிட்டால் அந்த நூறுக்கு அர்த்தமே இல்லை. ரூபாய் என்றால் பர்ஸைத் திறப்பீர்கள். டாலர் என்றால் அவசரமாக பஸ் ஏறுவீர்கள். கலர் ஸ்பேஸ் என்பது எண்ணுக்குப் பக்கத்தில் போடும் அந்த நாணயத்தின் பெயர். அவ்வளவுதான் விஷயம்.

நாணயம் இருந்தால் அதற்கு ஒரு தங்கக் கையிருப்பு வேண்டாமா? அதுவும் இருக்கிறது. 1920-களில் இங்கிலாந்தில் ரைட், கில்டு என்ற இருவர் தனித்தனியே ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பக்கம் ஏதோ ஒரு நிற ஒளி. மறுபக்கம் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று ஒளிகள். பார்ப்பவர் மூன்றையும் கூட்டிக் குறைத்து, இரண்டு பக்கமும் ஒன்றுபோல் தெரியும்படி செய்ய வேண்டும். ரைட்டிடம் 10 பேர், கில்டிடம் 7 பேர். இந்த 17 ஜோடிக் கண்களை வைத்துத்தான் 1931-ல் சர்வதேச ஒளியியல் ஆணையம், சராசரி மனிதக் கண்ணுக்குத் தெரியும் அத்தனை நிறங்களுக்கும் ஒரு வரைபடம் போட்டது. பார்ப்பதற்குக் குதிரை லாடம் மாதிரி இருக்கும். உலகத்தின் பெரும்பாலான கலர் ஸ்பேஸ்கள் இந்த லாடத்துக்குள் இடம் பிடித்தவைதான்.

எப்படிப் பிடிப்பது? ரொம்ப சுலபம். மூன்று புள்ளி வையுங்கள். ஒரு சிவப்பு, ஒரு பச்சை, ஒரு நீலம். கோலம் போடுவது மாதிரி இணையுங்கள். முக்கோணம் வரும். அதற்குள் அடங்கிய நிறங்கள் உங்களுக்கு. வெளியே இருப்பவை உங்களுக்கு இல்லை.

செத்தும் கொடுத்த பெட்டி

1996-ல் ஹெச்பியும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து எஸ்ஆர்ஜிபியை முன்வைத்தன. அப்போது மேஜை மேல் என்ன இருந்தது? பின்பக்கம் பிரசவ வயிறு மாதிரி தள்ளிக்கொண்டு நிற்குமே, கண்ணாடிக் குழாய் மானிட்டர், அதுதான். அந்தப் பெட்டிகள் சராசரியாக எந்த நிறங்களைக் காட்டுமோ அதையே அளவாக வைத்தார்கள். 1999-ல் அது சர்வதேசத் தர நிர்ணயமாகவே ஆகிவிட்டது. லாடத்தில் ஏறக்குறைய 35 சதவிகித இடம். பெட்டி போய்ச் சேர்ந்துவிட்டது. ஆனால் அது எழுதி வைத்த உயில் இன்றைக்கும் செல்லுபடி ஆகிறது. நாணயத்தின் பெயர் போடாத படம் எது வந்தாலும், பெரும்பாலான மென்பொருள்கள் எஸ்ஆர்ஜிபி என்றே எடுத்துக்கொள்ளும்.

இரண்டாவது, என்னைக் கவிழ்த்த அடோபி ஆர்ஜிபி. இது பிறந்ததே ஒரு காப்பி அடித்த தப்பில் என்றால் நம்புவீர்களா?

1998-ல் ஃபோட்டோஷாப் 5.0 வெளிவரும் சமயம். அச்சுக்காரர்களுக்கு எஸ்ஆர்ஜிபியை விடப் பெரிதாக ஏதாவது கொடுக்கலாம் என்று ஃபோட்டோஷாப்பை உருவாக்கிய தாமஸ் நோல் தேடினார். ஒரு டெலிவிஷன் தர ஆவணம் கிடைத்தது. அதிலிருந்த எண்களை எடுத்துப் போட்டுவிட்டார்கள். மென்பொருள் வெளியே போனது. ஆவணத்தை நன்றாக அறிந்தவர்கள் எழுதினார்கள்: 'ஐயா, நீங்கள் எடுத்தது நிஜமான எண்கள் இல்லை. இப்படி இருந்தால் தேவலை என்று போட்டிருந்த லட்சிய எண்கள்!' போதாக்குறைக்குச் சிவப்பின் எண்ணைக் காப்பி செய்தபோது வேறு ஒரு பிசகு. திருத்திவிடலாமா என்று பார்த்தார்கள். ஆனால் உபயோகித்தவர்களுக்கு அந்தத் தப்பே பிடித்துப்போயிருந்தது. எனவே தப்பை அப்படியே வைத்துக்கொண்டு பெயரை மாற்றினார்கள். அதுதான் 'அடோபி ஆர்ஜிபி 1998'. பரீட்சையில் பக்கத்து பையனைப் பார்த்துத் தப்பாக எழுதி அதற்கே மெடல் வாங்கிய கதை!

விசேஷம் என்னவென்றால், எஸ்ஆர்ஜிபிக்கும் அடோபி ஆர்ஜிபிக்கும் சிவப்பு மூலை ஒன்றே. நீல மூலையும் ஒன்றே. பச்சை மூலை மட்டும் வெளியே தள்ளிப் போகிறது. இதனால் லாடத்தில் சுமார் பாதி இடம் கிடைக்கிறது. கூடுதலாகக் கிடைப்பதெல்லாம் பச்சையும், பச்சைக்கும் நீலத்துக்கும் நடுவில் உள்ள நிறங்களும்தான். நடுவில் என்ன இருக்கிறது? மயில்கழுத்து!

ஆக, நான் தேர்ந்தெடுத்தது தப்பான ஸ்பேஸ் இல்லை. அந்தப் புடவைக்கு அதுதான் பொருத்தம். பிறகு ஏன் பாசி பிடித்தது?

255 ஆன 219

ஒரே ஒரு கணக்கு, கவனியுங்கள்.

எஸ்ஆர்ஜிபியின் முழுச் சிவப்பு 255, 0, 0. அதே சிவப்பை, துளி மாறாமல், அடோபி ஆர்ஜிபியில் எழுதினால் ஏறக்குறைய 219, 0, 0. நாணயம் மாறியதால் எண் மாறுகிறது. சரக்கு ஒன்றுதான்.

தங்கையின் நெற்றிக் குங்குமத்தைக் கேமரா 219 என்று எழுதியது. கூடவே 'இது அடோபி ஆர்ஜிபி கணக்கு' என்று ஒரு சீட்டும் ஒட்டியது. இந்தச் சீட்டுக்கு ப்ரொஃபைல் என்று பெயர். இதற்கான விதிகளைக் கவனிப்பது 1993-ல் தொடங்கிய ஐசிசி. கிரிக்கெட் ஐசிசி அல்ல, சர்வதேச கலர் கூட்டமைப்பு. என் கம்ப்யூட்டர் மென்பொருள் அந்தச் சீட்டைப் படித்தது. எனவே எனக்கு எல்லாம் சரியாகத் தெரிந்தது.

ஆல்பம் டிசைன் செய்தபோது சீட்டு கிழிந்துவிட்டது. வெறும் 219 மட்டும் அச்சு மெஷினுக்குப் போனது. மெஷின் என்ன செய்யும் பாவம், ரூபாய் என்று நினைத்தது. 255 ஆக ஜொலிக்க வேண்டிய சிவப்பு, 219 ஆகச் செங்கல் பொடி ஆனது. முகத்தின் செம்மை போனது. மயில் குளத்தில் விழுந்தது.

ஃபோட்டோஷாப்பில் இதற்கு இரண்டு மெனு உண்டு. ஒன்று 'கன்வர்ட்'. மற்றது 'அஸைன்'. இந்த வித்தியாசம் புரியாமல் அழிந்த படங்கள் கோடி இருக்கும்.

கன்வர்ட் என்பது பாங்க் கவுண்டருக்குப் போய் டாலரைக் கொடுத்து அன்றைய ரேட்டில் ரூபாய் வாங்குவது. எண் மாறும், மதிப்பு மாறாது. அஸைன் என்பது நூறு டாலர் நோட்டில் டாலரை அடித்துவிட்டு ரூபாய் என்று எழுதுவது. எண் மாறாது, மதிப்பு போய்விடும். ஆடிட்டர் பார்த்தால் ஜெயில். சீட்டில்லாத அநாதைப் படம் வந்து, அதன் நாணயம் உங்களுக்கு நிச்சயமாகத் தெரிந்தால் மட்டுமே அஸைன். மற்ற எல்லா நேரமும் கன்வர்ட்.

பெரிய கல், அதே மாவு

'அப்படியானால் இருப்பதிலேயே பெரிய ஸ்பேஸில் வேலை செய்தால் என்ன?' என்று ஒருவர் கேட்பார். அவர் என் ஜாதி.

பெரிதுக்கும் பெரிது உண்டு. கோடாக் உருவாக்கிய ப்ரோஃபோட்டோ ஆர்ஜிபி. அதன் மூலைகள் லாடத்தையே தாண்டி வெளியே நிற்கின்றன. அதாவது மனிதக் கண்ணால் பார்க்கவே முடியாத 'நிறங்களுக்கும்' அதில் சீட் ஒதுக்கி இருக்கிறார்கள்!

சிக்கல் எங்கே? ஜேபெக்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் அதே 256 படிதான். தோசைக் கல் எவ்வளவு பெரிதானாலும் கரண்டி மாவு ஒன்றுதான். பெரிய கல்லில் இழுத்துத் தேய்த்தால் தோசை நடுவே ஓட்டை விழும். படத்தில் அந்த ஓட்டை, வானத்தில் வரிவரியாகத் தெரியும். ஆகவே ப்ரோஃபோட்டோவில் வேலை என்றால் 16 பிட் கட்டாயம். ஒரு நிறத்துக்கு 65,536 படிகள். மாவும் ஒரு குண்டான் ஆகிவிடும்.

மையின் பட்ஜெட்

திரை என்பது விளக்கு. இருட்டிலிருந்து தொடங்கி ஒளியைக் கூட்டிக்கொண்டே போகும். காகிதம் நேர் எதிர். வெள்ளையில் தொடங்கி, மை பூசிப் பூசி ஒளியைக் கழிக்க வேண்டும். ஒன்று வரவுக் கணக்கு. மற்றது செலவுக் கணக்கு. ஆஃப்செட் பிரஸ்ஸில் சயான், மெஜந்தா, எல்லோ, பிளாக் என்று நான்கு மை. இதுதான் சிஎம்ஒய்கே. கல்யாணப் பத்திரிகையில் குங்குமச் சிவப்பு வேண்டும் என்றால் அச்சகத்தில் மெஜந்தா 100, எல்லோ 100 என்று போடுவார்கள். அருமையாக வரும். ஆனால் திரையில் பளீர் என்று எரியும் கிளிப்பச்சையும் அடர்நீலமும் இந்த நான்கு மைக்கு எட்டாது. பச்சை கொஞ்சம் மங்கும். நீலம் கொஞ்சம் கத்தரிப்பூ பக்கம் சாயும். பிரஸ்காரரிடம் சண்டை போட்டுப் புண்ணியம் இல்லை. அது அவர் தப்பு அல்ல, மையின் பட்ஜெட்.

அதுவும் ஒரே சிஎம்ஒய்கே இல்லை. வழவழ ஆர்ட் பேப்பருக்கு ஒரு கணக்கு, மை உறிஞ்சும் நியூஸ் பிரிண்டுக்கு வேறு கணக்கு. ஐரோப்பிய ஆர்ட் பேப்பர் அச்சுக்கு 'ஃபோக்ரா 39' என்று ஒரு ப்ரொஃபைல் பிரபலம். உங்கள் பிரஸ் எதைப் பின்பற்றுகிறது என்பது உங்கள் பிரஸ்ஸுக்குத்தான் தெரியும். ஆகவே நீங்களாக சிஎம்ஒய்கேக்கு மாற்றிக்கொண்டு போகாதீர்கள். கேட்டுவிட்டு மாற்றுங்கள்.

இன்னொரு ரகமும் உண்டு. எட்டு, பத்து, பன்னிரண்டு மை போட்ட போட்டோ இங்க்ஜெட் பிரிண்டர்கள். நல்ல பேப்பர் போட்டால் எஸ்ஆர்ஜிபிக்கு வெளியே இருக்கும் சில பச்சைகளையும் நீலப்பச்சைகளையும் இவை தொட்டுவிடும். அடோபி ஆர்ஜிபிக்கு நிஜமாகவே வேலை இருப்பது இங்கேதான்.

நீங்கள் செய்ய வேண்டியது

1. எடுத்த படம் நேரே வாட்ஸ்அப், ஃபேஸ்புக், சாதாரண லேப் பிரிண்ட் என்றுதான் போகப்போகிறதா? கேமராவில் எஸ்ஆர்ஜிபி வையுங்கள். நிம்மதியாகத் தூங்குங்கள். தொண்ணூறு கல்யாணத்துக்கு இதுவே போதும்.

2. கொஞ்சம் பொறுமை உண்டா? 'ரா' ஃபைலில் எடுங்கள். அதில் கேமராவின் கலர் ஸ்பேஸ் செட்டிங்குக்கு வேலையே இல்லை. அது ஜேபெக்குக்கு மட்டும்தான். சென்சார் பார்த்தது அப்படியே இருக்கும். எந்த நாணயத்தில் எழுதுவது என்பதைப் பிறகு முடிவு செய்துகொள்ளலாம்.

3. லேப்காரரிடம் ஒரே ஒரு கேள்வி: "உங்களுக்கு எந்த ஸ்பேஸ்ல ஃபைல் வேணும்?" பெரும்பாலும் எஸ்ஆர்ஜிபி என்பார்கள். 'எதுன்னாலும் ஓகே சார்' என்று பதில் வந்தால், அவருக்குத் தெரியாது என்று அர்த்தம். எஸ்ஆர்ஜிபியே கொடுங்கள்.

4. சேமிக்கும்போது ப்ரொஃபைலைச் சேர்க்கும் கட்டத்தில் டிக் போடுங்கள். எந்த ஸ்பேஸாக இருந்தாலும் சரி, சீட்டு இல்லாமல் படத்தை வீட்டை விட்டு அனுப்பாதீர்கள்.

5. மூலப் படத்தைத் தொடாதீர்கள். பிரதி எடுத்து அதை மாற்றுங்கள். பெரிய ஸ்பேஸிலிருந்து சின்ன ஸ்பேஸுக்கு வந்து விளிம்பில் வெட்டுப்பட்ட நிறம், திரும்பப் பெரிய ஸ்பேஸுக்குப் போனாலும் முளைக்காது.

6. ஐபோன்காரர்களுக்கு: 2016-ல் வந்த ஐபோன் 7 முதல் அந்த கேமராக்கள் 'டிஸ்ப்ளே பி3' என்ற, எஸ்ஆர்ஜிபியை விடப் பெரிய ஸ்பேஸில் படம் எடுக்கின்றன. லேப்புக்குத் தரும் முன் எஸ்ஆர்ஜிபிக்கு கன்வர்ட் செய்துவிட்டால் வம்பில்லை.

7. 'பிரிண்ட் இருட்டா வந்திருக்கு' என்று புகார் சொல்லும் முன் மானிட்டர் பிரகாசத்தைக் குறைத்துப் பாருங்கள். பாதி கேஸ் அங்கேயே முடியும். அடிக்கடி பிரிண்ட் போடுபவர் என்றால் திரையில் ஒட்டி நிறத்தை அளக்கும் கருவி ஒன்று வாங்குவது, புது லென்ஸை விட லாபம்.

8. பெரிய பிரிண்டுக்கு முன்னால் ஒரு நாலுக்கு ஆறு சாம்பிள். புடவை வாங்க வாசலுக்குப் போகிறவர்கள் நாம். பிரிண்டுக்கும் போகலாம்.

மீண்டும் வாசல்

அந்தத் தம்பி சொன்னபடியே செய்தேன். பழைய ஹார்ட் டிஸ்கில் மூலப் படம் இருந்தது. சீட்டும் கிழியாமல் இருந்தது. ஒரு பிரதி எடுத்து எஸ்ஆர்ஜிபிக்கு கன்வர்ட் செய்தேன். சீட்டோடு கொடுத்தேன். முதலில் சாம்பிள். அப்புறம் பன்னிரண்டுக்குப் பதினெட்டு.

ஃப்ரேம் போட்டு எடுத்துக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனேன். டியூப் லைட்டில் பார்த்துவிட்டு "நல்லாருக்குண்ணே" என்றாள். பிறகு என்ன தோன்றியதோ, உள்ளே போய் பீரோவைத் திறந்து அந்தப் புடவையை எடுத்து வந்தாள். ஃப்ரேமை என்னிடம் கொடுத்து, "வாசலுக்கு வாண்ணே" என்றாள்.

வெயிலில் புடவையும் படமும் பக்கத்துப் பக்கத்தில்.

குங்குமம் குங்குமமாக இருந்தது. அரக்கு பார்டர் அச்சு அசல். மயில்கழுத்து மட்டும் நூற்றுக்குத் தொண்ணூறு. மீதிப் பத்து, முக்கோணத்துக்கு வெளியே எங்கேயோ நிற்கிறது. அதைப் பிடிக்க இந்தக் காகிதத்தில் இடமில்லை. அவளிடம் இதை விளக்கலாமா என்று வாயைத் திறந்தேன்.

அவள் புடவையைப் பார்க்கவே இல்லை. படத்தில் தன் தலைமேல் இருந்த கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் அந்த முகத்தை.

"புடவை லேசாக் கம்மிதான்ணே" என்றாள். "அப்பா கலர் சரியா வந்திருக்கு."

நான் கணக்கை மூடிவிட்டேன். அந்த ஆண்டே பெரிய அத்தைக்கும் ஒரு பிரதி போட்டு அனுப்பினேன். அத்தை போனில் சொன்னது ஒரே ஒரு வரி: "அடேயப்பா, என் தம்பி எவ்வளவு நல்ல புடவையா எடுத்திருக்கான்டா!"

அதைக் கேட்க வேண்டியவர் மட்டும் இல்லை. உங்கள் வீட்டில் இருந்தால், பீரோவில் கிடக்கும் அந்த ஃபைல் பெயர்களை இன்றைக்கே ஒரு தடவை பாருங்கள். கீழ்க்கோட்டில் ஆரம்பிக்கிறதா?